வஜ்தியின் மேசைக்கு அடியில்

வயர்கள் சிக்கிக் கிடந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, தம்பி. நம் ஸ்ஃபாக்ஸ் நகரில் ஓர் ஆலிவ் எண்ணெய்க் கம்பெனியின் தொலைபேசிப் பலகையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

என் மகன் வஜ்தி ஏன் படகில் ஏறினான் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். இந்தக் கடற்காவல் அலுவலகத்தில் யாரும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. கம்ப்யூட்டர் படித்தவன். இங்கே வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனிக் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே இன்டர்வியூ கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் மேசைக்கு அடியில் பார்க்கச் சகிக்காது. திரையின் வயர், விளக்கின் வயர், சார்ஜர் எல்லாம் புழுதியோடு பின்னிக் கிடக்கும். ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். பழைய காலுறைகளை நாடாவாகக் கிழித்துக் கட்டினேன். ஒவ்வொரு நாடாவிலும் பெயர் தைத்தேன். இன்டர்நெட் வயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய், கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் இருக்கும் மோடத்தில் செருகினேன்.

"உம்மா, இது மேசையா, ஆபரேஷன் தியேட்டரா?" என்று சிரித்தான். "வயருக்கெல்லாம் பேர் வச்சு வேலை போட்டுக் குடுத்துட்ட. எனக்கும் ஒண்ணு பார்த்துக் குடேன்."

மூத்தவன் முனீர் கடல் தாண்டி லியோனுக்குப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஒரே ஒரு தடவை வந்தான், வாப்பாவை அடக்கம் பண்ண. மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்டான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்டர்வியூ நாட்களில் நான் சோபாவில் உட்கார்ந்து பின்னல் போடுவேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் குரல் தெரியும். அவன் திணறினால் விட்டுவிடுவேன். பேச்சு சரளமாகி, அந்தப் பக்கத்து ஆளும் சேர்ந்து சிரித்தால், பின்னால் கையை விட்டு மோடத்தின் பிளக்கை இழுப்பேன். அவன் எழுந்து வருவதற்குள் திரும்பச் செருகிவிடுவேன். மோடம் உயிர் பெற ஐந்து நிமிடம் ஆகும். மறுபடி பேச ஆரம்பித்தால் மறுபடி இழுப்பேன். எங்கள் வீட்டுச் சுவர் தடிமன். செல்பேசிக்கு சிக்னல் கிடைக்காது.

இரண்டு தடவை மெக்கானிக் வந்து பார்த்தார். "ஹாஜ்ஜா, இவ்வளவு சுத்தமா வயர் கட்டின வீட்டை நான் பார்த்ததே இல்ல. கோளாறு தெருவுலதான் இருக்கணும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்படி ஏழு கம்பெனிகள். ஒவ்வொரு தடவையும் அவனுக்குப் பிடித்த மீன் சூப் வைத்தேன். ஏழாவது முறை அவன் சாப்பிடவில்லை. என் மடியில் தலை வைத்துப் படுத்தான்.

"என் ராசி அவ்வளவுதான் உம்மா. நல்லாப் போய்க்கிட்டே இருக்கும், படக்குனு அறுந்துடும்."

"அவனுங்களுக்குக் குடுத்து வைக்கலடா. உனக்குத்தான் நான் இருக்கேனே."

என் கையை எடுத்து முத்தமிட்டான். அந்த வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு, பழுதுபார்க்கக் கொடுப்பதாகச் சொல்லிக் கம்ப்யூட்டரை எடுத்துப்போனான். திருட்டுத்தனமாகக் கடல் தாண்டிக் கூட்டிப்போகும் படகுக்காரனுக்குக் கொடுக்க அதை விற்றிருக்கிறான் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் தைத்த நாடாக்களை அவன் அறுக்கவில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்திருந்தான். வளர்த்த விதம் அப்படி.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, மஹ்தியாவில் நண்பனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். கெர்க்கெனா தீவுக்கு அப்பால் எட்டாவது மைலில் படகு கவிழ்ந்ததாக நீங்களே சொன்னீர்கள். ஒன்பது பேர் கரை சேர்ந்திருக்கிறார்கள். அவன் சேரவில்லை.

ஏழு தடவையும் பிளக்கை இழுத்தது நான்தான். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை. தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம், தம்பி. இங்கே 'நாட்டைவிட்டு வெளியேறியவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். எட்டு மைல் என்றால் அது நம் கடல்தானே. மூத்தவனைப் போல இல்லை இவன். என் வஜ்தி எங்கேயும் போகவில்லை.