மோட்டார் ரூமுக்கு நான்கு பூட்டு

குடிநீர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, தலைவலியையும் சேர்த்து ஏற்று, நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் இளையபெருமாள் ஐயா அவர்களே! முன்வரிசையில் மூத்தவர்களாகவும், முடிவெடுக்கச் சொன்னால் மட்டும் முதுகைக் காட்டுகிறவர்களாகவும் விளங்கும் பெரியோர்களே! குடம் சுமந்து சுமந்து இடுப்புத் தேய்ந்த தாய்மார்களே! பந்தலுக்கு வெளியே பைக்கில் சாய்ந்தபடி, பேச்சு எப்போது முடியும் என்று பார்த்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும், செயலாளர் என்ற பெயரில் ஊர் ஏச்சை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும் தெற்குத் தெரு கலையரசியின் வணக்கம்.

"சுருக்கமாப் பேசும்மா" என்கிறார் தலைவர். ஐயா, சுருங்கிச் சுருங்கித்தான் இந்த ஊர் இந்த நிலைக்கு வந்திருக்கிறது. இன்றைக்கு விரித்தே பேசுகிறேன்.

கூப்பிடு தூரத்தில் கொள்ளிடம். பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் திருமழபாடி. அப்படியிருந்தும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்த ஊர் இது. குழாய் வரும் வரும் என்றார்கள். வந்தது குழாய் மட்டும்தான், தண்ணீர் வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாரும் தர வேண்டாம், நாமே தோண்டுவோம்" என்று கிளம்பினோமா இல்லையா? தோட்டைக் கழற்றித் தந்த தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்களா இல்லையா? சுண்ணாம்புப் பாறையைத் துளைத்துத் துளைத்து, புழுதி பறந்து, நம்பிக்கையும் பறந்து, போர் லாரிக்காரன் குழாயை உருவப் போன நேரத்தில், உச்சந்தலைக்கு மேலே பீறிட்டதே ஊற்று! அன்றைக்கு வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் கட்டிப்பிடித்து நனைந்தோம். பள்ளிவாசல் தெரு பாய்மார்கள் சர்க்கரை வழங்கினார்கள். புதுத்தெருக்காரர்கள் வெடி போட்டார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தோம். அந்தத் தேர் எவ்வளவு தூரம் போனது?

மறுநாள் காலை வரைக்கும் போனது.

மறுநாள் காலையில், "எங்க தெருவுக்கு முதல்ல திறந்துவிடு" என்று ஒரு குரல். "ஏன், ஒங்க தெருவுல மட்டும் மனுசன் குடியிருக்கானா?" என்று இன்னொரு குரல். நீ அதிக நேரம் திறந்தாய், நான் குறைந்த நேரம் குடித்தேன் என்று வாய் தடித்து, கை நீண்டு, கடைசியில் பஞ்சாயத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. உலகத்தில் எந்த ஊருக்கும் தோன்றாத தீர்ப்பு! மோட்டார் ரூம் கதவுக்குத் தெருவுக்கு ஒன்றாக நான்கு பூட்டு. நான்கு தெருக்காரர்களும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒருத்தர் வராவிட்டால் ஊருக்கே தண்ணீர் கிடையாது.

கை தட்டுகிறீர்கள். எதற்குத் தட்டுகிறீர்கள் தம்பி? பெருமையாக இருக்கிறதா?

நான்கு பூட்டையும் விற்ற காதர் பாட்சா அண்ணன் இதோ மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். இரும்புக் கடை வைத்திருக்கும் மனிதர், வியாபாரம் நடக்கட்டும் என்று இருந்திருக்கலாம். அன்றைக்கே அவர் சொன்னார்: "அம்மா, நான் விக்கிறவன். இருந்தாலும் சொல்றேன், இத்தனை பூட்டு வேணாங்க." கேட்டோமா?

அவர் மகன் உபைத் விடுப்பில் வந்திருந்த நாட்களில் பள்ளிவாசல் தெருச் சாவி அவரிடம்தான் இருந்தது. விடுப்பு முடிந்து துபாய்க்குக் கிளம்பிய அவசரத்தில் சட்டைப் பையிலேயே சாவியோடு விமானம் ஏறிவிட்டார். ஊரின் தாகம் இங்கே, சாவி துபாயில்! காதர் பாட்சா அண்ணன் ஓடிவந்து, "எங்க தெருப் பூட்டுதானே, நானே சொல்றேன், உடைங்க" என்று மன்றாடினார். உடைத்தோமா? "இல்ல பாய், இன்னைக்கு உடைங்கன்னுவீங்க, நாளைக்கு எங்க தெருவ அவமானப்படுத்திட்டாங்கன்னு பேச்சு வரும்" என்று மற்றத் தெருக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். ஊருக்குத் திரும்பும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்தனுப்பி, அவர் திருச்சியில் வந்து இறங்கும் வரைக்கும் டேங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினோம். மரியாதையாம், மரியாதை! நாக்கு வறண்டு கிடக்கும்போது என்ன வெட்டி மரியாதை?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிச் சொல்லப் போவதற்குச் சிரிக்க முடியாது.

போன கோடையில், உச்சி வெயிலில், தெற்குத் தெருக் கோடியில் ஜோதியின் கூரை வீடு தீப்பிடித்தது. ஜோதி யார்? புருஷனை இழந்தபின் ஒரு கறவை மாட்டை வைத்து இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றிக்கொண்டிருக்கும் பெண். உங்களில் பாதிப் பேர் வீட்டுக் காபி அவள் கறந்த பாலில் போட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், தப்பித்தார்கள். மாடு கொட்டகையில் கட்டிக் கிடந்தது. நிறைமாதச் சினை.

ஓடினோம். மேல்நிலைத் தொட்டியைத் திறந்தால் காற்று வருகிறது. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாயிற்று; அது அரியலூரிலிருந்து வந்தாக வேண்டும். மோட்டாரைப் போட்டால் போதும், அடுத்த நிமிடம் தண்ணீர் கொட்டும். மோட்டார் ரூமுக்கு ஓடினோம். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவது திறந்தது. மூன்றாவதும் திறந்தது. நான்காவது வடக்குத் தெருப் பூட்டு. அதன் சாவிக்காரர் பழனிவேல் அண்ணன் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார். போன் அடிக்கிறோம். மேளச் சத்தத்துக்கு நடுவில் எடுக்கிறார்.

"என்ன கலையரசி, பந்தியில இருக்கேன்."

"அண்ணே, ஜோதி வூடு எரியுது. பூட்டை உடைக்கிறோம்."

"உடைக்கிறதாவது! எங்க தெருவுல கேக்காம எப்படி? நான் கெளம்பி வந்துடுறேன், அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க."

கடப்பாரையைத் தூக்கினேன். மூன்று பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "வேணாம்மா, வம்பை வெலைக்கு வாங்காத. நாளைக்கு ரெண்டு தெருவும் வெட்டிக்கிட்டுச் சாவும்." ஒரு பக்கம் வீடு எரிகிறது, இன்னொரு பக்கம் ஊரே ஒரு பூட்டைச் சுற்றி நின்று நியாயம் பேசுகிறது! எரிந்து அடங்குகிற வரைக்கும் அந்த மாடு கத்தியதே, அது உங்கள் காதில் விழுந்ததா? என் காதில் இன்னும் விழுகிறது. சாம்பலுக்கு முன்னால் நின்றுகொண்டு ஜோதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எந்தத் தெருன்னு கேட்டுட்டுதானாங்க தீ பத்துச்சு?"

குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனீர்கள்.

பழனிவேல் அண்ணன் எழுந்திருக்கிறார். உட்காருங்கள் அண்ணே. உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வரவில்லை. சாவி வேறு தெருவில் சிக்கியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, இவ்வளவுக்குப் பிறகாவது புத்தி வந்ததா? வந்தது! நம் நிர்வாகக் குழு கூடிக் கூடிப் பேசி, டீ குடித்துக் குடித்து யோசித்து, ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறது. அதை வாசிக்கத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். தீர்மானம் என்ன தெரியுமா? ஆபத்துக் காலத்துக்கு உதவும் வகையில் நான்கு பூட்டுக்கும் மாற்றுச் சாவி செய்து, ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டிக்கு நான்கு பூட்டுப் போடுவது!

ஐயோ! எங்கே போய் முட்டிக்கொள்வது? பாறையைத் துளைத்தோம், பாதாளத்தைத் தொட்டோம், தண்ணீரைப் பறித்துக்கொண்டு வந்தோம். பக்கத்துத் தெருக்காரனை நம்ப மட்டும் நம்மால் முடியவில்லையா? ஊற்றுக்குத் தெரு உண்டா? ஈரத்துக்கு எல்லை உண்டா? நாம் குடிப்பது ஒரே தண்ணீர் என்றால், அதைப் பூட்டிவைக்க நான்கு மானமா?

இந்தத் தீர்மானத்தை நான் வாசிக்கப் போவதில்லை. தலைவர் கோபித்துக்கொள்ளட்டும். பூட்டு இருந்தால்தானே ஐயா மாற்றுச் சாவி? இன்று பிற்பகல், நீங்கள் எல்லாரும் பந்தல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், காதர் பாட்சா அண்ணன் கடையில் ஒரு சம்மட்டி வாங்கிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். நான்கு பூட்டும் இப்போது இல்லை.

கத்தாதீர்கள். ஒவ்வொருவராகக் கேளுங்கள். என்ன? "எந்தத் தெருப் பூட்டை மொதல்ல உடைச்ச?" என்கிறீர்களா? அடக் கடவுளே! இப்போதும் இதுதான் கேள்வியா? சொல்கிறேன். முதலில் உடைத்தது எங்கள் தெற்குத் தெருப் பூட்டை. என் தெருக்காரர்கள் என்னைத் தாராளமாகத் திட்டலாம். அடுத்தது புதுத்தெருப் பூட்டு. பள்ளிவாசல் தெருப் பூட்டைக் காதர் பாட்சா அண்ணனே வந்து உடைத்தார்.

வடக்குத் தெருப் பூட்டை நான் தொடவில்லை. சம்மட்டியை ஜோதியின் கையில் கொடுத்தேன். ஒரே அடி.

நியாயம் கேட்க வேண்டியவர்கள் அவளிடம் கேளுங்கள். தாய்மார்களின் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பாருங்கள். கேளுங்கள்.

ஏன் யாரும் கேட்கவில்லை?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரம்பலூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கொஞ்சம் பொறு ஜோதி என்று நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். நாளை விடிந்ததும் அந்தக் கதவைப் போய்ப் பார்ப்போம், நானும் அவளும். அதில் ஒரு பூட்டுத் தொங்கினாலும் அவளை முதல் பஸ்ஸில் நானே ஏற்றிவிடுவேன். ஏற்றிவிட்டு வந்து, தோட்டைக் கழற்றித் தந்த ஒவ்வொரு தாயின் வாசலிலும் நின்று, இதற்கா தந்தீர்கள் என்று கேட்பேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் கத்தியவர்களுக்கும், இவ்வளவு நேரம் மைக்கைப் பிடுங்காமல் இருந்த தலைவர் ஐயாவுக்கும் என் நன்றி. மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்; தொட்டி நிறைந்திருக்கும். ஜோதியைத் தாண்டித்தான் எல்லாரும் வெளியே போக வேண்டும். போகும்போது அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். வணக்கம்.