ஒன்பதாம் எண்

சாரல் விழ ஆரம்பித்தால் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். எனக்கு மட்டும் வேலை கூடும், சார். ஈரக் காற்றில் சின்னத் தண்டவாளம் கறுத்துப் போகும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் வண்டி விக்கி விக்கி ஓடும். உங்களுக்கு இது விளையாட்டுச் சாமானாகத் தெரியலாம். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

தென்காசியில் எனக்கு சிசிடிவி, இன்வெர்ட்டர் பொருத்தும் கடை. வீடு குத்துக்கல்வலசையில். செங்கோட்டையிலிருந்து மலையேறி, ஆரியங்காவுக் குகைக்குள் புகுந்து புனலூர் போகிற ரயில் பாதையை மாடி அறை முழுக்க மேசைபோட்டுச் சின்ன மாதிரியாகக் கட்டியிருந்தேன். மலைகள் தெர்மாகோல். வெயிலில் வர்ணம் மங்குகிறது என்று ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, அந்தச் சுவரிலும் மலையையே வரைந்தேன். அறைக்கு ஒரே வாசல், தேக்குக் கதவு. எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் பொறுமையாகச் செய்தேன். நான் அவசரக்காரன் இல்லை.

எஞ்சின்களைத் துபாயிலிருந்து கொண்டு வந்து கொடுத்தவன் ரிஃபாத். என் பழைய கூட்டாளி, அங்கே வேலை பார்க்கிறவன். வண்டிகளை ஓட்டும் டிஜிட்டல் கருவி கடையில் யானை விலை என்பதால், அவன் விடுமுறையில் வந்தபோது இருவரும் சேர்ந்து நாங்களே ஒன்று செய்தோம். சின்ன சர்க்யூட் போர்டு, ஒரு பவர் சப்ளை, கையில் பிடிக்கக் குமிழ் வைத்த பெட்டி, போனிலும் அதே பொத்தான்கள். புரோகிராம் முழுக்க நான் எழுதியது.

பழைய முறையில் கரண்ட் கொடுத்தால் தண்டவாளத்தில் நிற்கிற எல்லா வண்டியும் சேர்ந்து ஓடும். இதில் அப்படி இல்லை. கரண்ட் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் எண். எல்லாக் கட்டளையும் எல்லா எஞ்சினுக்கும் கேட்கும். ஆனால் தன் எண்ணைச் சொன்னால் மட்டுமே அது அசையும். எனக்கு அந்த ஒழுங்கு ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் அது கிடையாது.

என் மனைவி ஜெயபிரியா சுரண்டைக்காரி. ஒருநாள் எங்களுக்கு டீ கொண்டு வந்தவள், "நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் ரிஃபாத் பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டான். மூன்றாம் எண் எஞ்சினை அவள் ஓட்டினாள். பகவதிபுரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு குலுங்கல் இல்லாமல் நிறுத்தினாள். நான் ஓட்டினால் தடம் பிரியும் இடத்தில் சக்கரம் இடறும். உடனே ஷார்ட் ஆகி, பாதுகாப்புக்கு வைத்திருந்த டிரிப் விழுந்து எல்லாம் நின்றுவிடும். அவளுக்கு ஒருமுறைகூட விழவில்லை.

"மைனி கைல வண்டி பூனை மாதிரி போகுது, அண்ணாச்சி. நீங்க ஓட்டுனா மினி பஸ்ஸு மாதிரில்லா இருக்கு," என்று ரிஃபாத் சிரித்தான். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், சார். எனக்கும் நகைச்சுவை உண்டு.

மறுநாள் அந்த டிரிப்பைக் கழற்றினேன். "அத கழத்தாதிய அண்ணாச்சி, வயரு சூடாயிரும்," என்று ரிஃபாத் தடுத்தான். அவன் ஏன் அவ்வளவு அக்கறை காட்டுகிறான் என்றுதான் அப்போது யோசித்தேன். மேலே வரவேண்டாம் என்று ஜெயபிரியாவிடமும் சொல்லிவிட்டேன். சத்தம் போடவில்லை. நான் சத்தம் போடுகிறவன் இல்லை.

அதன் பிறகுதான் கவனித்தேன். கடைக்குப் போகும்போது மூன்றாம் எண்ணைப் பாலத்தருகே நிறுத்திவிட்டுப் போவேன். வந்து பார்த்தால் பிளாட்பாரத்தில் நிற்கும். கட்டளை இல்லாமல் எஞ்சின் நகராது. பெட்டியின் குமிழில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. "மாடிக்குப் போனியா?" என்று கேட்டேன். "தூத்துப் பெருக்கத்தான் போனேன், ஒரே தூசியா கெடந்துச்சு," என்றாள். துடைப்பம் பட்டு வண்டி ஸ்டேஷனுக்குப் போகுமா? பொய் சொல்கிறாள் என்றால் மறைக்க ஏதோ இருக்கிறது. அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை இருப்பதாக நினைத்துக்கொண்டேன். ரிஃபாத்தின் கை என்றும் வைத்துக்கொண்டேன்.

ஒற்றைத் தடத்தில் ரயில்வேக்கு ஒரு முறை உண்டு. ஒரு வண்டி உள்ளே போனதும் அதன் பின்னால் சிக்னல் சிவப்பாகிவிடும். அது வெளியேறும்வரை இன்னொன்று நுழைய முடியாது. கரண்ட் போனாலும் சிவப்புதான். சந்தேகம் என்றால் நில் என்று அர்த்தம். அதே முறையை அறைக் கதவுக்கும் வைத்தேன். ஒருவர் நுழைந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், மின்பூட்டு விழும். தண்டவாளத்தில் கரண்ட் நின்றாலும் பூட்டியபடியே இருக்கும். பூட்டுக்குத் தனி இன்வெர்ட்டர். திறக்க வேண்டுமென்றால் போனில் ஒன்பதை அழுத்த வேண்டும். என் போனில் மட்டும். வண்டிகளின் பாதுகாப்புக்காகச் செய்தேன் என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

அன்று ஐந்தருவிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். போன் திரையில் அறையின் குறி சிவப்பானது. யாரோ நுழைந்துவிட்டார்கள். நான் வேலையை முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தேன்.

குகை வாசலில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சென்சார் உண்டு. வண்டி அதைக் கடந்தால் என் போனில் ஒரு புள்ளி எரியும். மூன்றாம் எண் கடந்தது. திரும்பி வந்தது. மறுபடி கடந்தது. புள்ளி எரிந்து அணைந்து எரிந்து அணைந்து கொண்டிருந்தது. அவள் போன் அடுக்களையில் கிடந்திருக்கிறது. உள்ளே மாட்டிக்கொண்டவள், வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி என்னைக் கூப்பிடுகிறாள். எனக்கு உடனே புரிந்தது. சென்சாரைப் பற்றி அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை. அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

"போனையே பாத்துக்கிட்டிருக்கிய அண்ணாச்சி, டீ ஆறுதுல்லா," என்றான் கடைக்காரன். குடித்தேன்.

புள்ளி வேகமாக எரிய ஆரம்பித்தது. பதற்றத்தில் ஓட்டுகிறாள். பிறகு புள்ளி எரியவில்லை, திரை முழுக்கச் சிவப்பானது. தடம் பிரியும் இடத்தில் வண்டி புரண்டுவிட்டது. அவள் கையிலும் புரண்டது, சார். ஷார்ட். டிரிப் இல்லை. வயர் சூடாகும், தெர்மாகோலில் தீ பிடிக்கும். ரிஃபாத் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு பாத்திமுத்து அக்கா போன் செய்தார். "தம்பி, ஒங்க மாடில கரும்புகையா வருது. உள்ள ஆளு யாரும் இருக்காவளா?"

"யாரும் இல்லக்கா. ஜெயபிரியா சுரண்டைக்குப் போயிருக்கா," என்றேன்.

ரிஃபாத் அன்றைக்குத் துபாயில் இருந்தான் என்று பாஸ்போர்ட் நகலைக் காட்டி என்னைத் திடுக்கிட வைக்கப் பார்க்கிறீர்கள். தெரியும், சார். அதற்கு முந்தின மாதம் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவனை இறக்கிவிட்டு வந்ததே நான்தான். அவன் போன பிறகும் மூன்றாம் எண் தினமும் பிளாட்பாரத்தில் அழகாக நின்றுகொண்டிருந்தது. அவள் தனியாகத்தான் ஓட்டினாள். அன்றும் தனியாகத்தான் இருந்தாள்.

போன் என் கையில்தான் இருந்தது. ஒன்பது கடைசிவரை வேலை செய்தது. தீயணைப்புக்காரர்கள் வந்த பிறகு நான் அழுத்தியபோது பூட்டு உடனே திறந்ததே, நீங்களும் பார்த்தீர்கள். ஏன் முன்பே அழுத்தவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சிவப்பு விழுந்துவிட்டால் யாரும் கை வைக்கக் கூடாது, சார். அது ரயில்வேயின் விதி. நான் எழுதியது இல்லை.