சிவப்புக் காது

எலியைப் பற்றி நான் யாரிடமும் குறைவாகப் பேசியதில்லை ஐயா. பதினெட்டு வருஷமாக எனக்குச் சோறு போடுவது அதுதான்.

என்னை எலி வாத்தியார் என்பார்கள். சுவரோரம் படிந்த அழுக்குக் கோட்டைப் பார்த்தே அது எந்த வழியாக வருகிறது, எங்கே குடும்பம் நடத்துகிறது என்று சொல்லிவிடுவேன். தரையில் மாவைத் தூவி வைத்தால் மறுநாள் காலடியை வைத்துத் தலை எண்ணிவிடுவேன். சந்து பொந்தை அடைப்பது, கூண்டு வைப்பது, அதற்கும் மசியாவிட்டால் கட்டடத்தை மூடிப் புகை போடுவது. தொழில் இவ்வளவுதான்.

தங்கை புருஷன் வேலையில்லாமல் இருந்தார், சேர்த்துக்கொண்டேன். தங்கமான மனுஷன். கூண்டில் விழுந்ததைக் கொல்வது அவர் பொறுப்பு. "முடிச்சுட்டேன் மச்சான்" என்பார். நம்பினேன்.

தானியக் கிடங்கில் ஒருநாள் பாதி வால் இல்லாத எலி ஒன்று விழுந்தது. அடுத்த வாரமும் பாதி வால். ஊரில் வால் அறுந்த எலி ஒன்றுதானா என்று விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. தங்கையின் நகப்பூச்சை வாங்கி, கம்பிக்கிடையே குச்சியை விட்டு அதன் காதில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்துத்தான் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை பார்த்தால், சிவப்புக் காதோடு கூண்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறது. நேரம் பார்த்துக் கிடங்கு முதலாளியும் மூட்டை தூக்குகிறவர்களும் பக்கத்தில் நின்றார்கள்.

"அதே மொட்டை வால்தானே வாத்தியாரே? எலி பிடிக்கிறீங்களா, வளக்கிறீங்களா?" என்றார் முதலாளி. இன்னொரு எலி கண்ணில் பட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினெட்டு வருஷத்துப் பெயர் ஐயா, ஒரு நிமிஷத்தில் கப்பலேறிவிட்டது.

மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை, கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார். "நம்ம வீட்லயும் ஒண்ணு வரப்போகுதே மச்சான். இந்த நேரத்துல ஒரு உசுர எடுக்க மனசு வரல. பின்சுவருக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடுவேன்."

நான் கோபப்படவில்லை. தோளில் தட்டிக்கொடுத்து, இதை மட்டுமாவது முடித்துவிடுங்கள் என்று கூண்டைக் கையில் கொடுத்தேன். ஆனால் மனசில் கணக்கு ஓடியது. அந்தக் கிடங்கில் அத்தனை பொந்தையும் நானே அடைத்திருந்தேன். அடைபடாமல் நின்றது ஒரே ஒரு வழி, அது சுவரில் இல்லை. ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடைப்பது வேலையே இல்லை.

மறுநாள் மத்தியானம் புகை. விஷப்புகை மாத்திரையை வைத்துக் கதவைச் சாத்தினால் இரண்டு நாள் யாரும் கிட்டே போகக்கூடாது. அதனால் ஒரு முறை வைத்திருக்கிறோம், நான்தான் வகுத்தது. பூட்டும் முன் கதவுத் தகரத்தை மூன்று தடவை தட்ட வேண்டும், யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுக்க வேண்டும், நூறு எண்ண வேண்டும். ஒன்றையும் நான் விடவில்லை.

சாப்பிட்டதும் மாப்பிள்ளை பரண்மேல் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். வாசலில் அவர் செருப்புக் கிடந்தது. மழை வரும்போல் இருந்ததால், நனையாமல் ஓரமாக எடுத்து வைத்தேன்.

தகரத்தை விரலால்தான் தட்டினேன். குரலும் தணிவாகத்தான் கொடுத்தேன். சத்தம் கேட்டால் எலிகள் உஷாராகிவிடும் இல்லையா? நூறு எண்ணினேன். பூட்டினேன்.

சாயங்காலம் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். "அண்ணே, அவரு இன்னும் வரல. பூட்டுறதுக்கு முன்னாடி உள்ள பாத்தியா?"

"குரல் குடுத்துட்டுத்தான்மா பூட்டினேன்" என்றேன். தங்கையிடம் நான் பொய் சொல்வதில்லை.

திங்கட்கிழமை நானே திறந்தேன். நாற்பத்திரண்டு எலி, சுத்தமான வேலை. மாப்பிள்ளை பரணில் ஒருக்களித்துப் படுத்தபடியே இருந்தார். சிவப்புக் காதைத் தேடிப் பார்த்தேன், அது மட்டும் இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் கூண்டு திறந்து கிடந்தது. அவ்வளவு சொல்லியும் கொண்டுபோய் விட்டிருக்கிறார். கடைசிவரை மனுஷன் திருந்தவே இல்லை ஐயா.