வயிற்றுப்பிள்ளையின் பங்கு

— அந்த நர்சம்மா ஏன் என்னை அப்படிப் பாத்தாங்க?

— எப்படிப் பாத்தாங்க?

— பொண்டாட்டிக்குச் சோறு போடாதவனைப் பாக்கிற மாதிரி. வயித்துப் புள்ள ரெண்டு மாசமா சரியா வளரலையாம். மாசாமாசம் குடுத்த சத்துமாவு என்னாச்சுன்னு கேக்கறாங்க... நீ தரையப் பாத்துட்டு நிக்கிற.

— செருப்பு வார் அறுந்திருந்துச்சு. அதைப் பாத்தேன்.

— விளையாடாத.

— மொதல்ல உக்காருங்க. தண்ணி கொண்டாரேன்...

— வேணாம். மாவை வித்துட்டியா?

— ஆமா. வித்துத்தான் கழுத்து நிறைய நகை போட்டிருக்கேன், பாருங்க.

— அப்ப குடிச்சியா?

— ...குடிச்சேன்.

— எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— ஏங்க, வந்ததும் வராததுமா...

— அவங்க சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா? இப்ப விட்டுட்டா, பின்னால எவ்வளவு ஊட்டினாலும் முழுசா ஈடாகாதாம். வளந்தப்புறம் சக்கரை, நெஞ்சுவலின்னு வந்து நிக்கலாமாம்.

— பால் குடி, முட்டை தின்னுன்னு சொல்லிட்டுப் போறது சுலபம். வாங்கிப் போடறது யாரு?

— பேச்ச மாத்தாத. எங்கம்மா என்னைச் சுமந்தப்போ அரைப் பட்டினி. இந்த உடம்பப் பாரு, முப்பதுலயே மூச்சு வாங்குது. எம் புள்ளயும் இப்படித்தான் கெடந்து இழுக்கணுமா?

— அந்த மூச்சுக்குத்தான்...

— என்ன?

— ஒண்ணுமில்ல.

— உங்கண்ணன் வீட்டுக்குக் குடுத்தியா?

— எங்கண்ணன எதுக்கு இழுக்கறீங்க?

— பின்ன யாரு தின்னது? வீட்ல இருக்கிறது நாம ரெண்டே பேரு.

— ...ஆமா. ரெண்டே பேருதான்.

— என்னடி சொல்ற?

— ரெண்டு மாசம் முன்னாடி மூட்டையோட மயங்கி விழுந்தீங்களே. எங்கிட்ட ஏன் சொல்லல?

— யாரு சொன்னது?

— உங்க கூட்டாளி நெட்டையன்தான். இன்னொரு தடவ விழுந்தா வேற ஆளப் போட்டுடுவேன்னு மேஸ்திரி சொன்னாராமே.

— அது... அன்னிக்கு வெயிலு ஜாஸ்தி.

— வெயில் இல்லீங்க. வெறும் வயிறு. உங்க வேலை போச்சுன்னா மூணு உசுரும் போச்சு. அதான் தெனமும் காலையில உங்க கஞ்சியில கரைச்சேன்.

— ...நான் குடிச்சேனா? எம் புள்ளையோடத?

— ருசியா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேப்பீங்கல்ல... அப்பல்லாம் ஒரு கைய வயித்துல வச்சுக்கிட்டுத்தான் ஊத்தினேன்.