இறங்கிய நேரம்

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி போகும் காலை பஸ்ஸில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில், கழுத்தில் ஐடி கார்டு தொங்கிய பெண் பக்கத்திலிருந்த அக்காவிடம் சொன்னாள்:

“ஒருத்தரு மட்டும் இன்னும் எறங்கவே இல்லீங்கக்கா.”

“எந்த ஸ்டாப்புல?”

“பஸ் இல்லீங்கக்கா, ஹெலிகாப்டரு. உலகப்போர் முடிஞ்சப்புறம் ஜெர்மனில புதுசு புதுசா செஞ்சு ஓட்டிப் பாத்திருக்காங்க. அத ஓட்டினவங்க எழுதி வெச்ச பழைய நோட்டுங்களத்தான் எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல ஏத்தறோம். ஏறின நேரம், எறங்கின நேரம், ரெண்டும் போடணும். ஒரு நோட்டுல கடைசி வரில ஏறின நேரம் மட்டுந்தான் இருக்குது.”

“வுழுந்திருக்கும்.”

“வுழுந்ததா எழுதலீங்க. ஓட்டினவரு கையெழுத்து இருக்குது. அப்பறம் எல்லாப் பக்கமும் வெள்ளை. எறங்கின நேரம் இல்லாததால, அது இன்னும் பறக்குதுன்னு கம்ப்யூட்டர் கூட்டிக்கிட்டே போவுது. தெனம் காலைல பாத்தா இருபத்துநாலு மணி நேரம் ஏறியிருக்கும்.”

“ஏதாச்சும் ஒரு நேரத்தப் போட்டு முடிச்சு வுடு.”

“சாரும் அதேதான் சொன்னாரு. நான் போட்டா ஓட்டினவரு எங்கயாச்சும் வுழுந்துருவாரோன்னு எனக்குக் கை வரல. நேத்து சாயங்காலம் சாரு ரொம்பத் திட்டிட்டாரு. கண்ண மூடிக்கிட்டு நாலு பத்துன்னு போட்டு சேவ் பண்ணிட்டேன்.”

“அதான் முடிஞ்சுதே.”

“வூட்ட வுட்டுக் கெளம்பறப்ப போன்ல தொறந்து பாத்தேங்கக்கா. நான் போட்டது இல்ல. அந்தக் கட்டம் காலியா இருக்குது. மணி ஓடிட்டேதான் இருக்குது.”

பஸ்ஸுக்குக் கூரை இருப்பது தெரிந்தும் மூன்று பேரும் மேலே பார்த்தோம்.