வாரம் நான்கு விரல்

படகில் குடியிருப்பவர்களுக்கு எந்நேரமும் தலை சுற்றும் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் பத்து நாளில் பழகிவிடும். துவைத்த துணி காயாது, அதுதான் ஒரே தொல்லை. உப்புக் காற்றில் போர்வைகூட நசநசவென்றே இருக்கும்.

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பச்சை அட்டை நோட்டு என்னுடையதுதான், ஐயா. மாலை வகுப்பில் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் மனதில் பட்டதை எழுதினார்கள். எனக்கு என் மனதில் படுவதன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதனால் அளந்ததை மட்டும் எழுதினேன். சில அளவுகளில் தவறு இருக்கலாம்.

அந்த வகுப்பில் நானும் என் மனைவியும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். முதல் தேர்வில் அவள் தேறினாள், நான் தேறவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. கடைசித் தேர்விலும் தேறினால் அக்கரை ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. தங்க அறையும் கொடுப்பார்கள். "வாரம் ஒரு தடவை வந்துட்டுப் போறேங்க" என்றாள். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் தடுத்ததாகிவிடும். தன்னால் முடியவில்லை என்று அவளுக்கே தோன்ற வேண்டும். அதுதான் அவளுக்கும் கௌரவம்.

எங்கள் படகு தீவுத் துறையின் கடைசி மேடையோரம் நிற்கிறது. முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. அங்கே காற்று எப்போதும் தீவிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கயிற்றை எவ்வளவு விடுகிறோமோ அவ்வளவு தூரம் படகு மேடையை விட்டு விலகி நிற்கும். ஐந்து டன் எடை. ஆனாலும் மிதக்கிற பொருள்தானே, ஒரு ஆள் கயிற்றைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். வருவதை நிறுத்துவதுதான் கஷ்டம். அதற்காகத்தான் பக்கவாட்டில் பழைய டயர்களைத் தொங்கவிடுகிறோம். இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. கயிறு என் வேலை.

ஆரம்பத்தில் இடைவெளி ஒன்றரைச் சாண். பேசிக்கொண்டே தாண்டிவிடுவாள். வாரம் நான்கு விரல் விட்டேன். செய்வது சரிதானா என்ற சந்தேகத்தில் இரண்டு வாரம் விடவில்லை. அந்தத் தேதிகளும் நோட்டில் இருக்கின்றன. ஏறி இறங்கப் போட்டிருந்த பலகை உளுத்துவிட்டது என்று எடுத்துவிட்டேன். அவ்வளவாக உளுத்திருக்கவில்லை.

ஏழாவது வாரம் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தூரம் அதிகமாயிருச்சோ?"

"அதே தூரம்தான். நீதான் சரியாச் சாப்பிடறதில்ல."

நம்பினாள். அதிலிருந்து வேளைக்கு ஒரு கவளம் கூடவே சாப்பிட்டாள். நானே பரிமாறினேன்.

பக்கத்துப் படகு மெக்கானிக் அண்ணன் கிண்டல்காரர். "என்ன தம்பி, உன் படகு வாரா வாரம் கோவிச்சுக்கிட்டுத் தள்ளிப் போகுது? வீட்டுல சண்டையா?" என்றார்.

"காத்து அண்ணே."

"எனக்கும் அதே காத்துதானப்பா அடிக்குது." சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பத்தாவது வாரத்திலிருந்து நான் கை கொடுக்கவில்லை. தானாகப் பழக வேண்டும் அல்லவா. அவள் கரைக்கு இறங்குவதை நிறுத்திவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். வகுப்பில் கொடுக்கும் தாள்களை நான்தான் வாங்கி வந்தேன். ஒன்றிரண்டை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டேன். படகைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவாருங்கள் என்று தினமும் கேட்பாள். ஒருநாள், "எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க. சின்னப் புள்ளைங்ககூடத் தாண்டுற தூரம்" என்று அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அந்த வாரமும் நான்கு விரல்.

பதினாறாவது வாரம் ஆறு சாணுக்குக் கொஞ்சம் மேல். தேர்வு மாலை ஐந்து மணிக்கு. நாலரைக்கு அவள் ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு படகின் விளிம்பில் வந்து நின்றாள். நான் மேடையில் இருந்தேன்.

"கொஞ்சம் கிட்ட இழுத்துவிடுங்களேன். இன்னிக்கு மட்டும்."

"எப்பவும் இருக்கற தூரம்தான். தாண்டு."

தாண்டினாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கால் மேடையைத் தொட்டு வழுக்கியது. தண்ணீரில் விழுந்தவள் இரண்டு கைகளாலும் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயம் தெளிந்துவிட்டது போலிருந்தது. சிரிக்கக்கூடச் செய்தாள்.

"முக்காவாசி தாண்டிட்டேன், பாத்தீங்களா? கை குடுங்க, நேரமாச்சு."

நான் கயிற்றிடம் போனேன். இடைவெளியைக் குறைக்கச் சொல்லித்தானே இத்தனை வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். குறைத்தேன். படகு சத்தமே இல்லாமல் வந்தது. வருவதை நிறுத்துவது கஷ்டம் என்று முன்பே சொன்னேன். நிறுத்தப் பார்த்தேனா என்றால், இல்லை.

டயர்களை அன்று காலையில் ஏன் கழற்றினாய் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். பாசி பிடித்திருந்தது, கழுவத்தான் கழற்றினேன். மேல்தளத்தில் வரிசையாக இருக்கும், போய்ப் பாருங்கள்.

இன்னும் கழுவவில்லை.