கராகேரின் மூச்சு

அக்டோபர் 9. நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. போட்டி முடிந்த உடனே கராகேரின் மூச்சை எண்ணியதாக எழுதியிருந்தேன். உண்மையில் தண்ணீர் காட்டிய பிறகுதான் எண்ணினேன். அந்தக் கணக்கு செல்லாது. கால்நடை மருத்துவ மாலை வகுப்பில் முதலில் சொல்லித் தந்ததே இதைத்தான்.

கராகேர் என் தாய்மாமா சத்தார்குலின் குதிரை. மாமா உயர்ந்த மேய்ச்சல் மலைகளில் ஆடு மேய்த்தவர். அங்கே நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, உதடு நீலமாகி, கீழே நாரின் நகருக்கு இறங்கி வந்தார். மருத்துவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆண்மைக் குறைவுக்கும் அதே மாத்திரைதான்.

"கடைக்காரப் பொண்ணு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாடா மருமகனே."

"நுரையீரலுக்குன்னு சொல்லுங்க மாமா."

"சொன்னேன். இன்னும் சத்தமா சிரிச்சா."

இனி நானே வாங்கித் தருகிறேன் என்றேன். அப்படித்தான் டப்பா என் கைக்கு வந்தது.

குதிரைமேல் இருந்தபடி ஆட்டுடலைப் பறித்துக்கொண்டு ஓடும் கோக்-பொரு ஆட்டத்தில் எங்கள் தெருவுக்காகக் கராகேர்மீது ஏறுபவன் நான். இரண்டாம் சுற்றிலேயே அதற்கு இரைக்கும். மனித நுரையீரலுக்கு நல்லது குதிரைக்கும் நல்லதாகத்தான் இருக்க வேண்டும். மாமாவின் மாத்திரைகளைச் சர்க்கரைக்கட்டியில் பொதிந்து கொடுத்தேன். மாமாவுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். அவருடைய எலும்புகளையும் யாராவது கவனிக்க வேண்டுமே.

மாமாவால் வாசற்படி ஏற முடியாமல் போனது.

"மாத்திரை கேக்குதாடா?" என்றாள் அத்தை.

"நல்லாவே கேக்குது அத்தை." நான் பொய் சொல்வதில்லை. அன்று காலை கராகேர் மேட்டில் இரைக்காமல் ஏறியிருந்தது.

நேற்று மாமாவை நாற்காலியோடு தூக்கி வந்து திடலோரம் உட்கார வைத்தார்கள். ஆட்டை மூன்று முறை இலக்கில் போட்டோம். "அந்த மூச்சப் பாருடா... என்னா மூச்சு..." என்றார் மாமா. அதற்குமேல் சொல்ல அவருக்கு மூச்சில்லை. கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. அந்தக் குழப்பத்தில்தான் தண்ணீர் காட்டிவிட்டேன்.

"சந்தோஷத்துல போயிட்டாரு," என்று அத்தை அழுதாள்.

"தோத்தது நாங்க, செத்தது அவரா?" என்றான் மேல்தெரு மிர்லான். யாரும் சிரிக்கவில்லை.

என் மனம் உறுத்துகிறது. மழையில் திடல் இளகியிருந்தது. வெற்றிக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். மாமா விஷயத்தில் சந்தேகமில்லை: மருந்தை நிறுத்தினேன், இறந்தார். குதிரை விஷயம்தான் தெளிவாகவில்லை. ஒரே ஒரு குதிரையை வைத்து முடிவுக்கு வருவது முறையல்ல.

மிர்லானின் அம்மாவுக்கும் அதே நோய், அதே மாத்திரை. அவர்களிடமும் ஒரு குதிரை இருக்கிறது.

நாளை: அடக்கம் முடிந்ததும் மிர்லான் வீட்டுக்குப் போய், அம்மாவின் மாத்திரையை இனி நானே வாங்கித் தருவதாகச் சொல்ல வேண்டும்.